ஆல்பம் ஆபீஸ் ஃபைல் சர்வர்: டிஸ்க் போனாலும் வேலை நிற்கக் கூடாது, எதை வாங்கலாம்?

டவுன்ஹால்ரோடு_டிசைனர்:
வணக்கம். மதுரையில் கல்யாண ஆல்பம் டிசைன் ஆபீஸ். ஆறு சிஸ்டம், கிகாபிட் ஸ்விட்ச், 9 டிபி டேட்டா. இப்போது பழைய ரெய்டு கார்டில் 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (டேட்டாவை எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதி, ஒன்று போனாலும் மிச்சத்திலிருந்து மீட்கும் முறை). அதே கார்டில் 8 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் நான்கைப் போட்டு மறுபடி ரெய்டு 5 வைக்கலாமா? வைகாசி முகூர்த்த நேரத்தில் ஒரு டிஸ்க் போனாலும் வேலை ஓடணும்.

வைகைக்கரை:
ரெய்டு 5 வேண்டாங்க. ஒரு டிஸ்க் போய்ப் புதுசு மாட்டினால் டேட்டாவை அதில் திரும்ப எழுதணும், அதுதான் ரீபில்ட். 8 டிபி டிஸ்க்கை நொடிக்கு 180 எம்பி வேகத்தில் எழுதினாலே 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் யாரும் சர்வரைத் தொடாமல் இருந்தால். அவ்வளவு நேரமும் மிச்ச மூன்று டிஸ்க்கும் முழுசா படிக்கப்படும். அதில் இன்னொன்று விழுந்தால் மொத்தமும் போச்சு.

டெஸ்க்டாப் டிஸ்க்கும் வேண்டாம். 8 டிபியில் பல மாடல் எஸ்எம்ஆர். ஓடு வேய்ந்த மாதிரி டிராக் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். ரீபில்ட் நாள்கணக்கில் இழுக்கும். இன்னொரு சிக்கல், கெட்ட செக்டார் வந்தால் டெஸ்க்டாப் டிஸ்க் நிமிஷக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து கார்டு அதைக் கழற்றிவிடும். நாஸ் டிஸ்க் (ஃபைல் சர்வருக்கென்றே வரும் டிஸ்க்) சுமார் 7 நொடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் சிஎம்ஆர், அதாவது டிராக் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை. வெறும் 'ரெட்' என்று இருந்தால் மாடல் நம்பரைப் பார்க்காமல் வாங்காதீங்க.

என் கணக்கு: 12 டிபி ஐந்து. நான்கை இசட்எஃப்எஸ்ஸில் (டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) இரண்டு ஜோடி மிரரா, ஜோடியின் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா இருக்கிற மாதிரி போடுங்க, 24 டிபி வரும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீங்க. ஐந்தாவது கவர் பிரிக்காமல் அலமாரியில். வாரண்டியில் அனுப்பி மாற்று வர வாரக்கணக்கு ஆகலாம். சித்திரைத் திருவிழா சமயம் மாசி வீதிப் பக்கம் வண்டியே நுழையாது. ஒரே பேட்ச் டிஸ்க்கா வராமல் இரண்டு கடையில் பிரித்து வாங்குங்க.

மிரர் என்றால், புது டிஸ்க் மாட்டும்போது ஜோடி டிஸ்க்கில் இருப்பதை மட்டும் காப்பி எடுக்கும். உங்களுக்கு ஜோடிக்கு 4.5 டிபி, ராத்திரி மாட்டினால் காலையில் முடிந்திருக்கும். ஒரே ஜோடியில் இரண்டும் போனால் பேக்கப் ஒன்றுதான் கதி, அதை மறக்காதீங்க.

டவுன்ஹால்ரோடு_டிசைனர்:
நன்றி அண்ணே. கார்டை வைத்துக்கொள்ளலாமா?

தெப்பக்குளம்_சிஸ்டம்ஸ்:
வேண்டாம் சார். கார்டு போனால் அதே வகைக் கார்டைத் தேடி அலையணும். ஐடி (IT) மோடில், அதாவது ரெய்டு செய்யாமல் டிஸ்க்கை அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டும் மோடில் இருக்கும் எல்எஸ்ஐ 9300 கார்டு போதும். இசட்எஃப்எஸ் பூலை (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தத் தொகுப்பை) வேறு மெஷினில் மாட்டினாலும் இம்போர்ட் ஆகிவிடும். அந்தக் கார்டு சூடாகும், மேலே சின்ன ஃபேன் வையுங்க. மோலக்ஸிலிருந்து சாட்டா பவருக்கு மாற்றும் மலிவு ஒயர் உருகும், தொடாதீங்க.

முக்கியமா, ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டுங்க. பூலையும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று சிஸ்டம் கொடுக்கும், மாறக்கூடிய பெயரில் கட்டாமல் டிஸ்க்கின் சொந்த ஐடி (ID) வைத்தே கட்டுங்க. பதட்டத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

இன்வெர்ட்டரில் மாட்டாதீங்க, பேட்டரி தீரப்போவதை அது சர்வருக்குச் சொல்லாது. யூஎஸ்பி உள்ள யூபிஎஸ் வாங்கி, ஐந்து நிமிஷத்தில் தானா ஷட்டவுன் ஆகும்படி வையுங்க. நம்மூர் வெயிலுக்கு மூடிய அலமாரியில் டிஸ்க் 50 டிகிரியைச் சுலபமா தாண்டும். 45க்குள் நிறுத்தப் பாருங்க. மாதம் ஒரு ஸ்க்ரப், அதாவது மொத்த டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது. ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் பட்டியல்) 197, 198 என்ற கெட்ட செக்டார் எண்ணிக்கைகள் பூஜ்யத்தைத் தாண்டினால் உடனே மாற்றிடுங்க.

வைகைக்கரை:
சேர்த்துக்கொள்ள ஒன்று. புது டிஸ்க்குகளுக்கு மாறுவதை ஆடியில் வைத்துக்கொள்ளுங்க, முகூர்த்தம் இருக்காது. கிகாபிட்டில் 9 டிபி காப்பி ஆக ஒரு நாள் பிடிக்கும். முடிந்ததும் பழைய டேட்டாவை அழிப்பதற்கு முன், ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே உருவி, ஸ்பேரை மாட்டி, ரீப்ளேஸ் கமாண்டை உங்க ஆளையே அடிக்கச் சொல்லுங்க. அப்புறம் பழைய மெஷின் வீட்டுக்குப் போகட்டும், தினமும் ராத்திரி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நிலைப் பதிவு) பேக்கப் அதற்குப் போகிற மாதிரி. முதல் முழு காப்பியை மட்டும் ஆபீஸிலேயே ஏற்றிட்டுக் கொண்டுபோங்க, லைனில் 9 டிபி ஏறாது.