நிலா வேலை விஷயம் (நம் குடும்பக் குழு, சிட்னி)

சித்ரா அத்தை: நிலாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! பிக் ஃபோர் என்பார்களே, உலகின் நான்கு பெரிய ஆடிட் கம்பெனிகள், அதில் ஒன்று. டாக்ஸ் டீம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும் 🙏

மாலா சித்தி: கண்ணு!! ❤️❤️

கார்த்தி: சூப்பர் நிலா. பிடபிள்யூசியா?

நிலா: இல்லை அண்ணா, வேற ஒன்று

ரவி பெரியப்பா: வாழ்த்துகள் நிலா. கையெழுத்துப் போடும் முன் பிடபிள்யூசி கதையைத் தெரிந்துகொள். அங்கே பீட்டர் காலின்ஸ் என்று ஒரு டாக்ஸ் பார்ட்னர். இங்கே சம்பாதித்த லாபத்தைப் பன்னாட்டுக் கம்பெனிகள் வெளிநாட்டில் காட்டுவதைத் தடுக்கச் சட்டம் எழுதும்போது, டிரஷரி, அதாவது இங்குள்ள நிதி அமைச்சகம், அவரிடமும் ஆலோசனை கேட்டது. வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்புறம் உள்ளே கேட்டதை ஆபீசில் சொன்னார். சட்டம் 2016 ஜனவரி 1 முதல் அமல். அதில் சிக்காமல் இருக்க வழி சொல்கிறோம் என்று அமெரிக்க டெக் கம்பெனிகளிடம் போய் வியாபாரம் பேசினார்கள்.

மாலா சித்தி: ஐயோ

மாலா சித்தி: தீபாவளிக்கு ஹால் யார் புக் பண்ணுகிறீர்கள்? போன வருடம் மாதிரி எங்கள் கராஜில் முடியக் கூடாது

கார்த்தி: கராஜ்தான் நன்றாக இருந்தது 😄

சித்ரா அத்தை: அண்ணா, அது வேற கம்பெனி

ரவி பெரியப்பா: கம்பெனி வேற, தொழில் ஒன்றுதான். காலின்ஸுக்கு, வரி ஆலோசகர்களைக் கண்காணிக்கும் டாக்ஸ் பிராக்டிஷனர்ஸ் போர்டு 2 வருடத் தடை போட்டது. 2023 ஜனவரியில் அது பேப்பரில் வந்தது. மே மாதம் பார்லிமெண்டின் செனட் பிடபிள்யூசியின் 144 பக்க மெயில்களை வெளியிட்டது, பெயர்களைக் கறுப்படித்து. அந்த ரகசியம் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. சில நாளில் பிடபிள்யூசி ஆஸ்திரேலியாவின் தலைமை அதிகாரி டாம் சீமோர் பதவி விலகினார். டிரஷரி விஷயத்தை ஃபெடரல் போலீசுக்கு அனுப்பியது. கடைசியில் பிடபிள்யூசி, அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் தன் பிரிவையே 1 டாலருக்கு விற்றது.

கார்த்தி: 1 டாலரா??

ரவி பெரியப்பா: ஆமாம். அரசாங்கம் நம்பவில்லை என்றால் அந்தப் பிரிவுக்கு என்ன விலை?

சித்ரா அத்தை: என் கல்யாணத்துக்கும் இப்படித்தான் மாப்பிள்ளை வீட்டை ஆறு மாதம் ஆராய்ச்சி பண்ணினீர்கள்

மாலா சித்தி: 😂 அக்கா

ரவி பெரியப்பா: மாப்பிள்ளை நல்லவர் என்று சொன்னதும் நான்தான்.

நிலா: பெரிய மாமா, புதிதாகச் சேர்கிற என்னை டிரஷரிக்கு யார் அனுப்பப் போகிறார்கள்?

ரவி பெரியப்பா: அனுப்ப மாட்டார்கள் அம்மா. ஆனால் மேலே இருப்பவர் ஒரு மெயில் போடுவார், அதில் உன் பெயரும் இருக்கும். ஸ்லைடு தயார் பண்ணு என்பார். இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கணும். கேட்டால் வேலை போகுமோ என்ற பயம் இல்லாத இடமா என்று பார்.

நிலா: எப்படித் தெரியும்?

ரவி பெரியப்பா: இப்போதே கேள். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவர்களும் கம்பெனிகளுக்குச் சொல்கிறவர்களும் ஒரே டீமா? தப்பைப் பார்த்தால் யாரிடம் சொல்வது? வரி கட்டுகிற எல்லோருடைய பணம் இது. நர்ஸுக்கும் டிரைவருக்கும் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள்.

கார்த்தி: இப்போது சட்டம் கடுமை. வரி தவிர்ப்புத் திட்டம் விற்றால் அதிகபட்ச அபராதம் 78 லட்சம் டாலரிலிருந்து 78 கோடிக்கும் மேலே போயிருக்கிறது

சித்ரா அத்தை: பார்த்தீர்களா, இனி யாரும் துணிய மாட்டார்கள்

ரவி பெரியப்பா: பிடிபட்டால்தானே அபராதம்.

மாலா சித்தி: ஹால்???

நிலா: வியாழக்கிழமை அவர்களிடம் போனில் கேட்கிறேன். இரண்டு கேள்வியும்

சித்ரா அத்தை: கேள், ஆனால் சரி என்றும் சொல்லிவிடு

நிலா: அம்மா, பதிலைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுகிறேன்

ரவி பெரியப்பா: நிலா, கேட்பதை எழுதி வைத்துக்கொள்.

கார்த்தி: ஹால் சனிக்கிழமை காலி இல்லையாம். ஞாயிறு மதியம்தான்

மாலா சித்தி: ஞாயிறு எனக்கு ஷிஃப்ட் 😩