யாழ் மாவட்டக் குடித்தொகையை எதிர்வுகூற எந்தச் சமன்பாடு பொருந்தும்?

கேள்வி: உயர்தரக் கணித ஆசிரியை, வலிகாமம்

அனைவருக்கும் வணக்கம். எமது உயர்தர மாணவர் சிலர், யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை அடுத்த இருபது ஆண்டுகளில் எவ்வாறு மாறும் என்பதை எதிர்வுகூறும் செயற்றிட்டம் ஒன்றை எனது வழிகாட்டலில் செய்து வருகின்றனர். குடித்தொகை மாறும் வீதம் அவ்வேளையில் உள்ள குடித்தொகைக்கு விகிதசமமானது என எடுத்துக்கொண்டு, அந்த வகையீட்டுச் சமன்பாட்டின் தீர்வில் 1981, 2012 ஆகிய இரு குடிசன மதிப்பீடுகளின் பெறுமானங்களைப் பிரதியிட்டார்கள். மாவட்டத்தின் இன்றைய எல்லைகளுக்குள் 1981இல் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேரும், 2012இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரும் வாழ்ந்திருக்கிறார்கள். இவ்விரண்டின் விகிதத்துக்கு இயற்கை மடக்கை எடுத்து 31 ஆல் வகுத்தால், ஆண்டுக்கு 0.76 சதவீத வீழ்ச்சி கிடைக்கிறது. அதாவது ஏறத்தாழ 91 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடித்தொகை பாதியாகும்.

கணிதச் செய்கை சரியானதே. ஆயினும் இந்த விடையை எதிர்காலத்துக்கு நீட்டிச் செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மேல் எல்லை ஒன்றை நெருங்க நெருங்க வளர்ச்சி தேய்வதாகக் கொள்ளும், பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட் 1838இல் முன்வைத்த சமன்பாட்டைப் பயன்படுத்தலாமா என மாணவர்கள் கேட்கிறார்கள். எமது நிலத்தடி நீரின் அளவையே அந்த மேல் எல்லையாகக் கொள்ளலாம் என்பது அவர்களில் ஒருவரின் யோசனை. இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1: புள்ளிவிபரவியல் பட்டதாரி, திருநெல்வேலி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு நல்ல செய்தி: இன்றைய எல்லைகளுக்குரிய எண்ணிக்கையை எடுத்ததன் மூலம், பலர் விழுகின்ற ஒரு குழியைத் தாண்டிவிட்டீர்கள். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமாகியது. அதற்கு முந்திய யாழ் மாவட்டத்தின் 8 இலட்சத்து 30 ஆயிரத்தை அப்படியே 2012உடன் ஒப்பிட்டால், வீழ்ச்சி ஆண்டுக்கு 1.1 சதவீதத்துக்கும் மேலாகத் தோன்றும். ஒருவர்கூட இடம்பெயராமலே, எல்லைக்கோடு மட்டும் நகர்ந்து உண்டாக்கும் வீழ்ச்சி அது.

உங்கள் மனம் ஒப்பாததற்குத் தக்க காரணம் இருக்கிறது. இரண்டு புள்ளிகளை இணைக்கும் அடுக்குக்குறி வளையி (ஆண்டுதோறும் ஒரே சதவீதத்தால் மாறும் வளைகோடு), இடைப்பட்ட 31 ஆண்டுகளும் ஒரே சீராகக் கழிந்தன என்று கூறுகிறது. அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ ஓரிரவிலேயே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தார்கள். வெளிநாடுகளுக்கான புலம்பெயர்வோ ஆண்டுக்காண்டு தொடர்ந்தது. 1991இல் நாட்டில் குடிசன மதிப்பீடே நடத்தப்படவில்லை. 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டை இம்மாவட்டத்தில் நிறைவு செய்ய இயலவில்லை. ஆகவே 0.76 என்பது எந்தவொரு ஆண்டிலும் உண்மையில் நிகழாத ஒரு வீதம்.

அடுக்குக்குறிச் சமன்பாடு நன்கு பொருந்திய காலமும் இலங்கைக்கு இருந்தது என்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். 1946இல் ஏறத்தாழ 66 இலட்சத்து 57 ஆயிரமாக இருந்த நாட்டின் குடித்தொகை 1953இல் ஏறத்தாழ 80 இலட்சத்து 98 ஆயிரமாகியது. இது ஆண்டுக்கு 2.8 சதவீதம், இருமடங்காக 25 ஆண்டுகள் போதும். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1946க்கும் 1947க்கும் இடையில் 14 அளவுக்கு வீழ்ந்ததும், பிறப்பு வீதம் உயர்ந்தே இருந்ததும் இதற்குக் காரணம். ஆனால் அந்த வீதத்தையே 1981 வரை நீட்டினால் 1 கோடி 77 இலட்சம் என விடை வரும். 1981இல் உண்மையில் எண்ணப்பட்டவர்கள் 1 கோடி 48 இலட்சம் பேர்.

எனவே ஒரே மாறிலியை நம்பாமல், எளிய சமநிலைச் சமன்பாட்டில் தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன்: அடுத்த ஆண்டின் குடித்தொகை என்பது இவ்வாண்டின் குடித்தொகையுடன் பிறப்புகளையும் உள்வந்தோரையும் கூட்டி, இறப்புகளையும் வெளிச்சென்றோரையும் கழித்துப் பெறுவது. பிறப்பும் இறப்பும் குடித்தொகைக்கு விகிதசமமாக அமையலாம். வெளிச்செல்கை அவ்வாறு அமைவதில்லை. அதைத் தனி உறுப்பாக எழுதி, அதற்குப் பல பெறுமானங்களை இட்டுப் பார்க்க வேண்டும்.

வயதும் முக்கியமானது. உங்கள் மாணவர்களுக்குத் தாயங்கள் (எண்களை நிரை, நிரல்களாக அடுக்கிய அமைப்புகள்) தெரிந்திருக்கும். ஒவ்வொரு வயதுக் குழுவின் பிறப்பு வீதங்களை முதல் நிரையிலும், அடுத்த குழுவுக்குத் தப்பிச் செல்வோரின் பங்கை மூலைவிட்டத்துக்குக் கீழும் இட்டு, பெட்ரிக் லெஸ்லி 1945இல் அமைத்த தாயத்தை அவர்களே ஆக்கலாம். இருபத்தைந்து வயதில் ஒரு பெண் புலம்பெயரும்போது கணக்கிலிருந்து ஒருவர் மட்டும் குறைவதில்லை, அவருக்கு இங்கு பிறந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் குறைகிறார்கள் என்பது அந்தத் தாயத்தில்தான் தெளிவாகத் தெரியும். எமது மாவட்டத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான கணிதம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

பதில் 2: நிலத்தடி நீர் ஆய்வு மாணவர், கோப்பாய்

மேல் எல்லை பற்றி மட்டும் எழுதுகிறேன். வெர்ஹல்ஸ்டின் சமன்பாட்டை ரேமண்ட் பேர்ளும் லோவல் ரீட்டும் 1920இல் ஐக்கிய அமெரிக்காவின் கணக்கெடுப்புகளுக்குப் பொருத்தி, அந்நாட்டின் மேல் எல்லை சுமார் 19 கோடி 70 இலட்சம் என்றார்கள். கடந்தகாலத் தரவுகளுக்கு அவ்வளையி மிக நேர்த்தியாகப் பொருந்தியது. ஆயினும் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 20 கோடிக்கும் அதிகமானோர் இருந்தார்கள். கடந்தகாலத்துக்குப் பொருந்துவது வேறு, வருங்காலத்தைச் சொல்வது வேறு.

நீரை எல்லையாகக் கொள்ளும் உங்கள் மாணவரின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த எல்லை ஒரு மாறிலியாக இராது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிச் சேரும் நீரையே கிணறுகளில் இறைக்கிறோம். அதில் பெரும்பகுதி வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போகிறது. ஆகவே எத்தனை பேரை இந்த நீர் தாங்கும் என்பது, தோட்டங்களில் என்ன பயிர் நிற்கிறது, நீர் எந்த முறையில் பாய்ச்சப்படுகிறது என்பவற்றையும் பொறுத்தது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உட்புகும். பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றால் இருக்கும் நீரும் குடிக்க உதவாமல் போகலாம். மேல் எல்லையைக் காலத்தோடு மாறும் ஒரு சார்பாக எடுத்துக்கொள்வதே நேர்மையானது. மேலும், குடித்தொகை வீழ்ந்த ஒரு காலத்துக்கு, வளர்ச்சி மெல்ல மெல்லத் தேய்வதைக் காட்டும் சமன்பாட்டைப் பொருத்துவதில் பொருளில்லை. இங்கு குடித்தொகையைக் குறைத்தது தண்ணீர்த் தட்டுப்பாடு அல்ல.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாவட்டம் முழுவதையும் விட்டுவிட்டு, ஒரு பிரதேச செயலர் பிரிவில் இன்னும் ஐந்து ஆண்டுகளில் தரம் 1இற்கு எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள் என்ற கேள்வியாகச் சுருக்குவதற்கு மாணவர்கள் இணங்கியுள்ளார்கள். இதற்கு எந்தத் தரவுகளை நம்பலாம்?

பதில் 3: ஓய்வுபெற்ற கிராம அலுவலர், வடமராட்சி

ஆசிரியை அவர்களே, இது மிகப் பயனுள்ள கேள்வி. ஓர் ஆண்டில் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை, ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய பிறப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இறப்பு, வெளியேற்றம், உள்வரவு ஆகிய மூன்றும் அந்த ஒரே விகிதத்துக்குள் அடங்கிவிடும். பல ஆண்டுகளுக்கு அவ்விகிதத்தைக் கண்டு, அண்மைய ஆண்டுகளின் பிறப்புகளை அதனால் பெருக்கினால் எதிர்வுகூறல் கிடைக்கும்.

பிறப்புப் பதிவேட்டில் மட்டும் கவனம் தேவை. எமது நாட்டில் பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுகிறது. பருத்தித்துறைத் தாய் ஒருவர் யாழ் போதனா வைத்தியசாலையில் பிள்ளை பெற்றால் அப்பதிவு யாழ்ப்பாண நகருக்குப் போய்விடும். ஆகவே தாயின் நிரந்தர வதிவிடத்தின்படி பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு, வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடே சிறந்தது.

எந்தப் பட்டியலும் முழுமையாக இராது என்பதால், இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் முறையையும் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949இல் வங்காளத்துச் சிங்கூர்ப் பகுதித் தரவுகளைக் கொண்டு இதை விளக்கினார்கள். உதாரணமாக, ஒரு பட்டியலில் 400 பிள்ளைகளும் மற்றதில் 360 பிள்ளைகளும் இருந்து, இரண்டிலும் பொதுவாக 320 பேர் காணப்பட்டால், 400ஐ 360ஆல் பெருக்கி 320ஆல் வகுக்க 450 வரும். இரு பட்டியல்களையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பது 440. எவர் கண்ணிலும் படாத பத்துப் பிள்ளைகளைக் கணிதம் காட்டித் தருகிறது.

ஒரு நிபந்தனை உண்டு: இரு பட்டியல்களும் ஒன்றிலொன்று தங்கியிராதவையாக இருத்தல் வேண்டும். வாடகை வீடுகளில் அடிக்கடி இடம்மாறும் குடும்பங்களும், அண்மையில் மீள்குடியேறியவர்களும் இரண்டிலுமே விடுபடும் வாய்ப்பு அதிகம். அப்போது விடை உண்மையிலும் குறைவாகவே வரும். அத்தகைய குடும்பங்கள் கூடுதலாக உள்ள கிராம அலுவலர் பிரிவுகளைத் தனியாகவும் ஏனையவற்றைத் தனியாகவும் கணித்து, பின்னர் கூட்டச் சொல்லுங்கள்.