டேலி பிரைமுக்கு எந்தக் கணினி வாங்கலாம்?

கேள்வி:
ஈரோட்டில் நாங்கள் நடத்தும் மஞ்சள் மொத்த விற்பனைக் கடையில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி, கணக்கு மென்பொருளான டேலி பிரைமில் ஜிஎஸ்டி அறிக்கையைத் திறந்தாலே திணறுவதால், புதிது வாங்க எண்ணுகிறோம். ஐ7 செயலி இல்லாமல் முடியாது என்று விற்பனையாளர் சொல்வது சரிதானா?

மறுமொழி 1:
அவசியமில்லை ஐயா. அண்மைத் தலைமுறை ஐ3 போதும். மிச்சமாகும் பணத்தை 8 ஜிபி ரேமுக்கும், அதைவிட முக்கியமாக எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பு வட்டுக்கும் செலவிடுங்கள், ஏனெனில் இத்தகைய மென்பொருளின் வேகம் பெரும்பாலும் தரவைப் படித்து எழுதும் வட்டைப் பொறுத்தே அமைகிறது. டேலி பிரைமுக்கு 64 பிட் விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், உரிமம் பெற்ற விண்டோஸ் 11 உள்ளதையே கேளுங்கள்.

மறுமொழி 2:
யுபிஎஸ்ஸை மறந்துவிடாதீர்கள். எங்கள் அரிசி மண்டியில் பில் போடும்போது மின்சாரம் போய், தரவுக் கோப்பு பழுதாகி, இரண்டு நாள் பில்களை மீண்டும் பதிவு செய்ய நேர்ந்தது. அன்றாடம் பென் டிரைவில் பேக்கப் எடுக்கும் வழக்கமும் (கசப்பான பாடம்தான்) அதன் பிறகே வந்தது.

கேள்வி கேட்டவர்:
மகனும் வேறொரு கணினியில் பில் போட விரும்புகிறான்.

மறுமொழி 1:
அப்படியானால் டேலியின் சில்வர் உரிமம் ஒருவருக்கே என்பதால், பலர் பயன்படுத்தக்கூடிய கோல்டு உரிமம் தேவைப்படும். இரு கணினிகளையும் வைஃபையில் அல்லாமல் லேன் கேபிளில் இணையுங்கள்.