இரவு மனப்பாடமான சொல் காலையில் எங்கே போகிறது?

கேள்வி: இளவேனில்

வணக்கம். ஐந்து மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். தினமும் இரவு நோட்டில் 20 சொற்கள் எழுதுவேன். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் தமிழ். பத்துத் தடவை வாய்விட்டு வாசிப்பேன். படுக்கப் போகும்போது இருபதும் மனப்பாடம். காலையில் எழுந்து பார்த்தால் ஆறு தேறினாலே பெரிது.

இன்னொரு வருத்தமும் உண்டு. 'ஷ்லுஸல்' என்று எங்காவது பார்த்தால் சாவி என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் சாவி என்று நானாக ஜெர்மனில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல் வருவதில்லை. அந்தப் பக்கத்தில் கீழிருந்து மூன்றாவது வரி என்பது ஞாபகம் இருக்கிறது, பச்சை மையில் எழுதியது கூட ஞாபகம் இருக்கிறது, சொல் மட்டும் இல்லை. 'லிங்க்ஸ்', 'ரெஹ்ட்ஸ்' இரண்டில் எது இடது, எது வலது என்று இன்னமும் தடுமாறுகிறேன். எனக்கு வயது 41. இனிமேல் மூளையில் ஏறாதா?

பதில்: கதைப்பிரியன்

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கதை படியுங்கள். சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். நான் அப்படித்தான் பிரெஞ்சு கற்றேன்.

பதில்: மாலைவகுப்பு

பன்னிரண்டு வருடமாக ஜெர்மன் சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வியோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். உங்களைவிட மூத்தவர்களும் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள், அதனால் வயதைப் பற்றிய பயத்தை விடுங்கள்.

புதுச் சொல்லை முதலில் பிடித்து வைப்பது மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. 1953இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோயை நிறுத்துவதற்காக இரண்டு பக்கமும் அதில் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்கு முன் தெரிந்த சொற்கள் அவரிடம் அப்படியே இருந்தன. நன்றாகப் பேசினார், குறுக்கெழுத்துப் போட்டார். புதுச் சொற்கள்தான் அநேகமாக ஏறவே இல்லை. பழகிய சொற்கள் குடியிருப்பது மூளையின் மேற்பட்டையில். ஹிப்போகாம்பஸில் இருந்து அங்கே போய்ச் சேர நாள் பிடிக்கும், அதற்குத் தூக்கமும் வேண்டும்.

இதைக் காட்டிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு, 'கதீட்ரல்' போலவே ஒலிக்கும் 'கதீட்ரூக்' என்ற பொய்ச்சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற உடனேயே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது, ஆனால் 'கதீட்ரல்' என்ற பழைய சொல்லை அடையாளம் காணும் வேகத்தில் மாற்றமே இல்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு சோதித்தால் அந்த வேகம் சற்றுக் குறைந்திருந்தது. புதியது பழையதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போட்டி போட ஆரம்பித்துவிட்டது! பகலெல்லாம் வாசலில் நின்ற சொல் இரவில்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் தூங்கி எழுந்த உங்களுக்கு ஏன் பதினான்கு சொற்கள் காணவில்லை? நீங்கள் பத்துத் தடவையும் செய்தது வாசிப்பு. ஒரு தடவை கூட அந்தச் சொல்லை உள்ளேயிருந்து வெளியே எடுக்கவில்லை. 2008இல் கார்ப்பிக், ரோடிகர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்கள் கொடுத்தார்கள். முதல் நாள் எல்லாருக்கும் நாற்பதும் வந்துவிட்டது. அதன்பின் சிலர், ஏற்கனவே சரியாகச் சொன்ன சொற்களையும் சேர்த்து மறுபடி மறுபடி நினைவிலிருந்து சொன்னார்கள். சிலர் அவற்றைத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் கூட்டத்துக்கு சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு அதில் பாதி கூட இல்லை.

அதனால் வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள், இடப்பக்கத்தைக் கையால் மூடுங்கள். 'சாவி' என்று பார்த்ததும் கையை எடுக்க அவசரப்படாதீர்கள். அந்தச் சில நொடி முக்கல்தான் வேலையே. வந்தாலும் வராவிட்டாலும் கையை எடுத்துச் சரிபாருங்கள். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து இதையே செய்யுங்கள். அப்புறம், வரிசையைக் கலைத்துவிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனிச் சீட்டில் எழுதுங்கள். இப்போது உங்கள் நினைவு பச்சை மையையும் மூன்றாவது வரியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

லிங்க்ஸ், ரெஹ்ட்ஸ் இரண்டையும் ஒரே நாளில் படித்திருப்பீர்கள். நெருங்கிய பொருளுள்ள சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். இரண்டு வாரத்துக்கு 'ரெஹ்ட்ஸ்' மட்டும் போதும். அது உறுதியானபின் மற்றதை எடுங்கள்.

கதைப்பிரியன் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது கொஞ்சம் பிந்தி. வரிக்கு இரண்டு சொல் தெரியாதபோது எதை வைத்து எதை ஊகிப்பது?

இளவேனில்

டீச்சர், மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொற்களை நாளுக்கு எட்டாகக் குறைத்துவிட்டேன். முதல் நான்கு நாள் கையால் மூடிக்கொண்டு எதுவும் வராமல் அழுகையே வந்தது. நேற்றுக் கதவைப் பூட்டும்போது 'ஷ்லுஸல்' என்று வாய் தானாகச் சொன்னது. பக்கமோ வரியோ நினைவுக்கு வரவே இல்லை! ஆனால் அதற்கு முன்னால், பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் 'டேர்' வருமா 'டாஸ்' வருமா என்றுதான் தெரியவில்லை.

மாலைவகுப்பு

படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அது 'டேர் ஷ்லுஸல்'. சீட்டில் சொல்லைத் தனியாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் தனியாகத்தான் வருகிறது. எல்லாப் பெயர்ச்சொல் சீட்டையும் எடுத்து டேர், டீ, டாஸ் சேர்த்து எழுதிவிடுங்கள். கையை எடுக்கும் முன் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.