ரத்த வகை சேரவில்லை, அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
அம்மாவுக்கு ராமநாதபுரத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன். ரத்தம் வேணும்னாங்க, நான்தான் முதல் ஆளா போய் நின்னேன். நர்ஸ் என் கார்டைப் பார்த்துட்டு, "நீங்க ஏபி பாசிட்டிவ், அம்மா ஓ பாசிட்டிவ். உங்க ரத்தம் அவங்களுக்கு ஆகாது, வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ராத்திரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடினப்பதான், ஓ வகை அம்மாவுக்கு ஏபி வகைப் பிள்ளை பொதுவா பிறக்காதுன்னு புரிஞ்சது.

நான் 1990இல் பிறந்தவள், கிறிஸ்தவ மீன்பிடிக் குடும்பம். அந்த வருஷம் இலங்கைச் சண்டைக்குப் பயந்து தலைமன்னார்ப் பக்கமிருந்து சனம் வந்தப்ப, மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவங்களை வல்லத்தில் ஏத்திக் கரை சேர்த்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். அம்மா உடனே "போதும், சாப்பிடுங்க" என்று பேச்சை மாத்திடுவாங்க. அப்பா இறந்த அன்னிக்கு பெரியம்மா, "கடல் தந்த பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதாங்க. ஒப்பாரிதானேன்னு இருந்துட்டேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு. பாசி எடுக்க முங்கி முங்கியே காது மந்தமாகிப்போன மனுஷி. அந்தக் காசில்தான் நான் பி.எட். படிச்சேன். அவங்க மனசு நோகக் கூடாது. ஆனா என்னைப் பெத்தவ இருக்காளா, கூடப் பிறந்தது யாராவது உண்டா என்று தெரியாம இனி இருக்க முடியல. ரத்த வகையை மட்டும் வச்சு முடிவு கட்டலாமா? எங்கே தேடணும்?

லேப்காரர்:
தங்கச்சி, முதல்ல ரெண்டு பேருக்கும் திரும்ப டெஸ்ட் எடுங்க. கார்டில் தப்பா எழுதியிருக்கிறது நடக்கிற விஷயம். ஏபி பிள்ளைக்கு ஒரு பக்கம் ஏ, இன்னொரு பக்கம் பி வரணும். ஓ வகை அம்மாகிட்ட ரெண்டுமே கிடையாது. ஏயும் பியும் ஒட்டிக்கிட்டு ஒரே பக்கமிருந்து வருகிற மரபணு வகை ஒண்ணு உண்டு, ரொம்ப அபூர்வம். ரத்த வகை "இவங்க இல்லை" என்று சொல்லும், "யார்" என்று சொல்லாது. உறுதியா தெரிய டிஎன்ஏதான் வழி. ஆனா அம்மாவுக்குத் தெரியாம அவங்க முடியையோ எச்சிலையோ எடுத்து அனுப்பாதீங்க. அது அவங்களுக்குச் செய்யிற துரோகம்.

மூக்கையூர் வக்கீல்:
குழந்தைகள் இல்லத்தில் இருந்து முறையா தத்து எடுத்திருந்தா, 18 வயசு முடிஞ்ச பிள்ளை தன் வேரைத் தேடித் தரச் சொல்லி மத்திய தத்தெடுப்பு ஆணையத்திடம் தானே விண்ணப்பிக்கலாம். 2022 விதிமுறைகளில் அது இருக்கு. பெத்தவங்களோட அந்தரங்கத்தையும் அதே விதி காக்குது. உங்க விஷயம் வேற. 1956 இந்து தத்துச் சட்டம் கிறிஸ்தவங்களுக்குப் பொருந்தாது. 1990இல் உங்க வீட்டுக்கு இருந்த வழி 1890 சட்டப்படி காப்பாளர் ஆவது மட்டும்தான். அதைக்கூட எந்த மீன்பிடிக் குடும்பம் கோர்ட்டுக்குப் போய் வாங்கியிருக்கும்? தத்துப் பத்திரம் தேடி அலையாதீங்க. பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்க. முக்கியமா ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேர். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மண்டபம் முகாம்:
பிள்ளை, நாங்கள் 1990இல மன்னார்ப் பக்கம் பேசாலையில இருந்து அகதியா வந்தனாங்கள். ஆனி மாசம் சண்டை திரும்பத் தொடங்கினது, கையில கிடைச்ச வள்ளத்தில ஏறினம். பச்சை உடம்போட வந்தவையும் இருந்தவை. வழியில செத்தவையும் இருந்தவை. பெத்தவள் வேண்டாமெண்டு விட்டுட்டாள் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. பிறகு ஊர் திரும்பின சனமும் உண்டு, வெளிநாடு போன சனமும் உண்டு. பிரிஞ்ச குடும்பங்களைத் தேடிக் குடுக்கிற வேலையைச் செஞ்சிலுவைச் சங்கம் இரண்டு நாட்டிலயும் செய்யுது. ஆனா அதுக்கு ஒரு பேர், ஒரு ஊர் வேணும். அது உங்கட அம்மாவிட்டத்தான் இருக்கும். காது மந்தம் எண்டு சொன்னீங்கள், ஆக்கள் இருக்கேக்க சத்தமாய்க் கேக்காதேங்கோ. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
திரும்ப டெஸ்ட் எடுத்தாச்சு. மாத்தமில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார, அம்மாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம், "தேடு. ஆனா ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துரு" என்றாங்க. பெத்தவ பேர் அவங்களுக்குத் தெரியல. கூட வந்த கிழவி பேசாலைக்காரின்னும், கழுத்தில் வெள்ளிச் சிலுவை போட்டிருந்தான்னும் மட்டும் ஞாபகம் இருக்கு. பங்குச்சாமி பதிவேட்டைக் காட்டுறேன்னு சொல்லியிருக்கார். 1990 ஆவணி வாக்கில் அரிச்சல்முனைப் பக்கம் கைக்குழந்தையோட இறங்கின பேசாலைக் கிழவியைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா தனிமடல் போடுங்க.