புதுப்பிப்பு: மைக் ஸ்பாஞ்ச் உறையில் வாடை (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மேடை மைக்கின் ஸ்பாஞ்ச் உறையில் எச்சில் வாடை, சத்தமும் அமுங்கிக் கேட்கிறது என்று எழுதியிருந்தேன். கைகொடுத்தது பேபி ஷாம்பூ யோசனைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டு, உறையை அமுக்கி அமுக்கி அலசினேன், முறுக்கினால் கிழியும். துண்டில் ஒற்றி, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் விட்டேன். ஈரத்தோடு மாட்டாதீர்கள், ஈரம் தாங்காத கண்டென்சர் வகை மைக் என்றால், ஒலியை வாங்கும் உள்பாகமான கேப்ஸ்யூலுக்கே ஆபத்து.

வாடை போய்விட்டது, சத்தம் மட்டும் அப்படியே. பார்த்தால், மைக் தலையின் கம்பி வலைக்குள்ளே இன்னொரு மெல்லிய ஸ்பாஞ்ச்! லிப்ஸ்டிக்கும் தூசியும் அப்பிக்கிடந்தது. வலையைத் திருகிக் கழற்றி அதையும் அலசிக் காயவைத்ததும் குரல் தெளிந்தது.

கூடவே ஊறப்போட்ட பழைய உறை ஒன்று பிசுபிசுவென உதிர்ந்துபோனது. இந்த ஸ்பாஞ்ச் செய்யும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பழசானால் அப்படித்தான். புதுசுதான் வாங்க வேண்டும்.