செலவைக் குறைத்தாயிற்று, ஆனால் யாரும் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கணக்குநோட்டு:
வீட்டில் ஐந்து பேர். ஒரு சம்பளம் நின்றுபோய் நான்கு மாதம் ஆகிறது, அதனால் மளிகைச் செலவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டேன். பொட்டலத் தின்பண்டம் கிடையாது, இறைச்சி வாரம் ஒரு நாள், மற்றபடி பருப்பு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, முட்டை என்று மாற்றி மாற்றி ஓடுகிறது. நோட்டில் கணக்கு அழகாக வருகிறது. ஆனால் நேற்று ராத்திரி 14 வயது பையன் "இன்னைக்கும் இதேதானாம்மா" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான், மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் தட்டிலும் பாதி மிச்சம். கொட்டும்போது வயிறு எரிந்தது. குப்பையில் போடவா இவ்வளவு மிச்சம் பிடித்தேன்? புதிதாகச் சாமான் வாங்கச் சொல்லாதீர்கள், முடியாது. இருப்பதை வைத்தே ருசியாகச் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்தால் சமைக்க ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சட்டிக்கரி:
முதலில் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்குகிறீர்கள்? அவசரத்தில் நாம் எல்லோருமே அது கண்ணாடி மாதிரி ஆனதும் அடுத்ததைக் கொட்டிவிடுகிறோம். வெங்காயத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். அது வற்றுகிற வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியிலேயே நிற்கும், பொன்னிறமும் அந்த மணமும் வர 140 டிகிரி பக்கம் போக வேண்டும். அதனால்தான் முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், நாமும் பொறுமை இழந்துவிடுவோம். சத்தத்தைக் கவனியுங்கள். ஈரம் இருக்கும்போது சொய்யென்று ஒரே இரைச்சலாக இருக்கும், அது அடங்கிச் சின்னச் சின்னதாகப் பொரிகிற சத்தம் வரும்போதுதான் உண்மையில் வேலை ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் ஒரு பத்து நிமிடம் நின்று கிளறினால் அதே பருப்புக்கு வேறு முகம் வந்துவிடும்.

முட்டைக்கோஸும் அப்படித்தான். மூடி போட்டு நெடுநேரம் வேகவைத்தால் வீடெல்லாம் ஒரு வாடை அடிக்குமே, பிள்ளைகள் மூக்கைப் பொத்துவதே அதற்குத்தான். அகலமான சட்டியை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள். ஓரமெல்லாம் லேசாகக் கருகி இனிப்பு ஏறும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டு மறுபடி அவியல் ஆகிவிடும். இறக்கிய பிறகு எலுமிச்சை நாலு சொட்டு. சப்பென்று இருக்கிறதே என்று உப்பை அள்ளிப் போடுவதற்கு முன்னால் புளிப்பு போட்டுப் பாருங்கள், பாதி நேரம் குறை அங்கேதான் இருக்கும்.

இரவுப்பணி:
அதெல்லாம் சரி, இருபது நிமிடம் அடுப்பு எரிந்தால் எரிபொருள் செலவை யார் கொடுப்பது? அவரிடம் இருப்பதே ஒரு மணி நேரம்.

சட்டிக்கரி:
நியாயம்தான். தினமும் செய்யச் சொல்லவில்லை. விடுமுறை நாளில் ஒரு கிலோவை மொத்தமாக வதக்கி, மூன்று நாளைக்கு வேண்டியதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மீதியை உறையவைத்துவிடுவேன். தினம் இரண்டு கரண்டி எடுத்தால் போதும்.

இரவுப்பணி:
அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு ஒன்று: இரண்டு வாரம், குப்பையில் போவதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் எழுதினபோது வெட்கமாகிவிட்டது, மலிவு என்று ஐந்து கிலோ காய் வாங்கி இரண்டு கிலோவை அழுகவிட்டிருக்கிறேன். அதற்கப்புறம் மொத்தமாக வாங்குவது பருப்பு, அரிசி, பயறு மட்டும்தான். பொட்டல விலையைப் பார்க்காமல் கிலோ என்ன விலை என்று பாருங்கள், பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், சீக்கிரம் கெடும்.

பழையகை:
பயறு பேச்சு வந்ததால் சொல்கிறேன். காய்ந்த கொண்டைக்கடலை ஒரு கிலோ வெந்த பிறகு இரண்டு கிலோவுக்கு மேல் வரும், அந்தக் காசுக்கு வேறு எதுவும் அவ்வளவு வயிறு நிரப்பாது. ராத்திரியே ஊறப்போடுங்கள். தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் கடலை வெந்த பிறகுதான், புளிப்பு முன்னால் போனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் கல் மாதிரியே இருக்கும்.

ராஜ்மா மட்டும் ஜாக்கிரதை. மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் ஒருமுறை கொதிக்கவிடாமல் சின்னத் தீயிலேயே மணிக்கணக்காக வைத்து இறக்கினேன், அன்று ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. அதில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு, அரைவேக்காட்டில் பச்சையைவிட மோசம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குறைந்தது 10 நிமிடம் என்பார்கள், நான் அரைமணி விடுகிறேன். மிஞ்சிய சோற்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், வெளியே கிடந்ததை மறுபடி சூடுபடுத்தினாலும் அதில் உண்டான நச்சு போகாது.

இறைச்சி வாங்குகிற நாளில் துண்டுகளைத் தட்டில் எண்ணி வைக்காதீர்கள். பொடியாக நறுக்கி உருளையோடோ சோற்றோடோ கலந்தால் பாதி அளவே ஐந்து பேருக்குக் காணும், எலும்பைத் தனியாகக் கொதிக்கவைத்த தண்ணீரில் மறுநாள் பருப்பை வேகவைக்கலாம்.

கணக்குநோட்டு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முட்டைக்கோஸை மட்டும் சட்டிக்கரி சொன்ன மாதிரி செய்தேன். பையன் ஒன்றும் பாராட்டவில்லை, ஆனால் சட்டியில் ஒட்டியிருந்த கருகல் ஓரத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான். ஒரு சந்தேகம்: வெங்காயத்தை அவ்வளவு நேரம் வதக்கினால் அடிப்பிடிக்கிறது, எண்ணெய் நிறையப் போகிறதே?

சட்டிக்கரி:
எண்ணெய் ஊற்றாதீர்கள். ஒட்டும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து அடியைச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்பெல்லாம் வெங்காயத்தோடு சேர்ந்துகொள்ளும், சட்டி தேய்க்கிற வேலையும் குறையும்.